கடை டிவியில் படம் வரவில்லையா? டிவியை மாற்ற முன்னர் வயரைப் பாருங்கள்

கடைச் சுவரில் டிவி மாட்டுவது நமது வியாபாரிகளிடையே இப்போது சாதாரண விடயமாகிவிட்டது. நகைக் கடையில் அன்றைய பவுண் விலை ஓடுகின்றது. ஹோட்டலில் சாப்பாட்டுப் பட்டியல் ஓடுகின்றது. உடுபுடவைக் கடையில் புதிய டிசைன்களைப் பெரிதாகக் காட்டினால், ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் போடும் வேலை பாதியாகக் குறைகின்றது. இவை எல்லாம் பில் போடும் கணனியிலிருந்து ஒரேயொரு வயரின் ஊடாகவே டிவிக்குச் செல்கின்றன. அந்தத் தொடர்பில் கோளாறு வந்தால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டிவி போய்விட்டது."

நானும் அப்படிச் சொன்னவன்தான். 2024 ரமழானின் கடைசிப் பத்து. வியாபாரம் சூடு பிடிக்கும் நாட்கள். காலையில் கடை திறந்தவுடன் வேலைக்கு நிற்கும் தம்பி வழமைபோல ஈரத் துணியால் டிவியைத் துடைத்தார். பிறகு சுவிட்சைப் போட்டால் படமில்லை. ஒரு வினாடி மின்னலடித்தாற்போல் வந்து மறைந்தது. பிறகு கறுப்பு. அதற்குப் பிறகு 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு.

வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அந்தத் தம்பியை நான் ஏசிவிட்டேன். ஈரத் துணியால் துடைக்க வேண்டாமென்று எத்தனை தடவை சொல்வது என்று கேட்டேன். பெருநாள் காசில் கழித்துக் கொள்வேன் என்றும் வாய் தவறிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

பதினொரு மணியளவில் டிவி திருத்துபவர் ஒருவரை வரவழைத்தோம். ரிமோட்டை நாலு தரம் அழுத்தினார். டிவியின் பின்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். "மெயின் போர்ட் போய்விட்டது, 45,000 ரூபா வரும், சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும்" என்றார். பெருநாளுக்கு முன் கிடைக்குமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். 45,000 கொடுத்துப் பழையதைத் திருத்துவதா, இன்னும் கொஞ்சம் போட்டுப் புதியதை வாங்குவதா என்ற யோசனையில் லுஹர் தொழுகைக்குப் போனேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இப்படியான சாமான்களின் விலையைக் கேட்கவே நமக்குப் பயமாக இருக்கின்றது.

அன்று அஸருக்குப் பிறகு என் சகோதரியின் மகன் கடைக்கு வந்தார். கலியாண மண்டபங்களில் பெரிய திரைகளும் ஒலிபெருக்கியும் போடுகின்ற தொழில் அவருக்கு. விடயத்தைச் சொன்னேன். அவர் டிவியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"மாமா, டிவிய விடுங்க. கொம்பியூட்டருக்கு இந்தக் கிழமைக்குள்ள என்ன சரி செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

செய்திருந்தோம். கணக்கு மென்பொருள் மெதுவாக இயங்குகின்றது என்பதற்காக, முந்திய இரவு தராவீஹுக்குப் பின்னர் கணனிக்காரர் ஒருவர் வந்து, முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்திருந்தார். அவர் வேலை செய்தபோது டிவி அணைந்திருந்தது. கவுண்டரில் உள்ள மொனிட்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்ததால் நாங்களும் கதவை மூடிவிட்டுப் போய்விட்டோம். காலையில் நடந்த இரண்டில் எங்கள் கண்ணுக்குப் பட்டது ஈரத் துணி மட்டும்தான்.

மருமகன் செய்த பரிசோதனையை அப்படியே சொல்கிறேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், எவரும் செய்யலாம். தன் மடிக்கணனியை எடுத்து, ஒன்றரை மீற்றர் சிறிய வயரினால் டிவியின் அதே துளையில் நேராகத் தொடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. அவ்வளவுதான், 45,000 ரூபா மிச்சம். டிவியிலும் துளையிலும் பழுதில்லை. பிறகு அதே மடிக்கணனியைக் கவுண்டருக்குக் கொண்டுபோய், கூரைக்குள்ளால் வரும் எங்கள் 15 மீற்றர் வயரில் தொடுத்தார். அப்போதும் படம் வந்தது. அப்படியென்றால் வயர் அறுந்தும் போகவில்லை. மிஞ்சியது கணனி ஒன்றுதான்.

கவுண்டர் மொனிட்டரில் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தார். அங்கே 1, 2 என்று இரண்டு பெட்டிகள். 2 என்பது நமது டிவி. படம் வராவிட்டாலும் கணனிக்கு டிவி இருப்பது தெரிந்திருந்தது. இது முக்கியமான அடையாளம். எச்.டி.எம்.ஐ. வயருக்குள் படத்தைக் கொண்டு செல்லும் இழைகள் வேறு, டிவி தன் பெயரையும் தான் காட்டக்கூடிய அளவுகளையும் கணனிக்குச் சொல்லும் இழைகள் வேறு. பின்னையது மிக மெதுவான பேச்சு, எவ்வளவு நீண்ட வயரிலும் அநேகமாகப் போய்ச் சேரும். பெயர் தெரிகின்றது, படம் தெரியவில்லை என்றால் நோய் படம் போகும் வழியில் இருக்கின்றது.

அந்த 2ஆம் பெட்டியைத் தெரிவு செய்து பார்த்தபோது, அளவு 3840 × 2160 என்று இருந்தது. அதை 1920 × 1080 என்று மாற்றினார். டிவியில் படம் வந்தது.

நடந்தது இதுதான். எங்களுடையது 4கே டிவி. இரண்டு வருடங்களுக்கு முன் அதைப் பொருத்தியவர், வயர் நீளம் என்பதை அறிந்து, கணனியை 1080 அளவில் வைத்துவிட்டுப் போயிருக்கின்றார். எங்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நாங்கள் காதில் போட்டிருக்க மாட்டோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டவுடன் அந்த ஞாபகம் அழிந்துவிட்டது. கணனி டிவியிடம் 'உன்னால் ஆகக் கூடியது எது' என்று கேட்டது, டிவி '4கே' என்றது, கணனியும் அதையே அனுப்பத் தொடங்கிவிட்டது.

1080 படத்தில் புள்ளிகள் சுமார் 20 இலட்சம். 4கே படத்தில் சுமார் 83 இலட்சம், அதாவது நான்கு மடங்கு. வினாடிக்கு 60 படங்களுக்குப் பதிலாக 30 படங்கள்தான் அனுப்பினாலும் வயரில் ஓடும் பாரம் இரண்டு மடங்கு. ஒன்றரை மீற்றர் வயருக்கு இது ஒரு விடயமே இல்லை. 15 மீற்றர் செப்பு வயரின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது சமிக்ஞை தேய்ந்துவிடும். பழைய அன்டெனா காலத்தில் சமிக்ஞை குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் ஆளை அடையாளம் காணலாம். டிஜிட்டலில் அந்த நடுநிலை மிகக் குறைவு. சில வேளை வெள்ளைப் பொறிகள் பறக்கும், சில வேளை விட்டு விட்டு வரும், அதற்கு மேல் ஒரேயடியாகக் கறுப்புத்தான்.

எனவே வயர் வாங்கும்போது நீளத்தையும் தரத்தையும் சேர்த்துப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வயர்களில் 'ஹை ஸ்பீட்', 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று வகைகள் உண்டு. விலைப்பட்டியலும் டிசைனும் காட்டுகின்ற கடைக்கு 1080 அளவு தாராளம், 'ஹை ஸ்பீட்' போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நீளத்தில் ஒன்றுக்கு மூன்று விலை சொல்வார்கள். ஐந்து மீற்றருக்குள் என்றால் நடுத்தர விலையில் எடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். தங்க முலாம் என்று சொல்லி விற்பதற்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள். பதினைந்து மீற்றருக்கு மேல் என்றால் ஒளியிழை உள்ள எச்.டி.எம்.ஐ. வயரை எடுங்கள், அல்லது கணனி வலையமைப்புக்குப் போடும் கெட்-6 வயரில் இரு முனைகளிலும் பெட்டி வைத்து அனுப்புங்கள். ஒளியிழை வயரில் ஒரு முனை கணனிக்கு, மறு முனை டிவிக்கு என்று அச்சிட்டிருக்கும். மாற்றித் தொடுத்தால் ஒன்றும் வராது. சுவருக்குள் இழுத்து, பூசி, பெயின்ட் அடித்த பிறகு அதைக் கண்டுபிடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மாற்றிகள் பற்றியும் சொல்ல வேண்டும். 15 பின்களுடன் நீல நிறத்தில் இருக்கும் வி.ஜி.ஏ. துளை 1987இல் வந்தது. எச்.டி.எம்.ஐ.யின் முதலாவது பதிப்பு 2002 டிசம்பரில் வந்தது. முன்னையது அனலொக், பின்னையது டிஜிட்டல். ஒன்றை மற்றொன்றாக்க வெறும் வயர் போதாது, உள்ளே சிப் வேலை செய்ய வேண்டும். அந்த மாற்றி ஒரு வழிப் பாதை. பழைய கணனியிலிருந்து புதிய டிவிக்கு என்றால் 'வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு' என்று கேட்டு வாங்க வேண்டும். தலைகீழாக உள்ளதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. வி.ஜி.ஏ.யில் சத்தமும் போவதில்லை, அதற்குத் தனி வயர் வேண்டும். புதிய மடிக்கணனிகளில் உள்ள முட்டை வடிவ யூ.எஸ்.பி. சி துளையும் அப்படித்தான். எல்லாத் துளையிலும் படம் வெளியே வராது. வாங்கும்போது கடையிலேயே ஒரு திரையில் தொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எச்.டி.எம்.ஐ.யில் படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால், கணனியின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் வெளியேறும் இடமாக டிவியைத் தெரிவு செய்யுங்கள். பத்தில் ஒன்பது தடவை அதுதான்.

சிலருக்குப் படம் வரும், ஆனால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருக்கும். விலைப்பட்டியலில் வலது ஓரத்தில்தானே விலை இருக்கின்றது? சாமானின் பெயர் தெரியும், விலை தெரியாது. இது பழைய கண்ணாடிக் குழாய் டிவி காலத்துப் பழக்கம். ஓரங்களை மறைப்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெருப்பித்துக் காட்டுவார்கள், இன்றும் பல டிவிகளில் அது தொடர்கின்றது. ரிமோட்டில் படத்தின் அளவு பற்றிய பகுதிக்குப் போனால் எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சுங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்றிருக்கும். அதைப் போட்டால் சரி. இதற்காகப் பட்டியலையே சிறிதாக்கி அச்சடித்த கடையும் உண்டு.

இனி, பணத்தை விடப் பெரிய ஒரு விடயம். விண்டோஸ் 7 வந்த காலத்திலிருந்து, விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். கணனித் திரையில் மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டிலும் வெவ்வேறு படம், டிவியில் மட்டும். படம் காணாமல் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அவசரத்தில் 'இரண்டிலும் ஒரே படம்' என்பதை அழுத்திவிடாதீர்கள். அதை அழுத்தினால் நீங்கள் கவுண்டரில் பார்ப்பதெல்லாம் கடைக்கு வந்தவர் எல்லோரும் பார்ப்பார்கள்.

நண்பர் ஒருவரின் பலசரக்குக் கடையில் இது நடந்தது. யாரோ ஒருவரின் பாக்கியைப் பார்ப்பதற்காக அவர் கடன் பட்டியலைத் திறந்திருக்கின்றார். பெயரும் தொகையும் வரிசையாக 43 அங்குலத்தில் சுவரில் தெரிந்தன. அந்த நேரம் கடையில் நின்றவர்களில் இருவரின் பெயர்கள் அதில் இருந்தன. ஒருவர் கையிலிருந்த சாமான்களை வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் கடனை முழுவதுமாகக் கட்டினார், அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. நமக்குக் கடன் தந்தவருடைய கணக்கையும் நம்மிடம் கடன் பட்டவருடைய கணக்கையும் மறைத்து வைப்பது அமானிதம். கொள்விலைப் பட்டியல் தெரிந்தாலும் கதை அதுதான். ஆகவே எப்போதும் 'வெவ்வேறு படம்' என்ற முறையிலேயே வையுங்கள். பில் போடும் மென்பொருள் கவுண்டர் திரையில் மட்டும் திறக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை அல்ல, பல வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது. வயரின் உலோக முனையைத் தொட்டால் கை லேசாகச் சுர்ரென்கிறது என்று பலர் சொல்வார்கள். அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. கணனியின் மின் பெட்டி எர்த் இல்லாத சொக்கட்டில் தொடுக்கப்பட்டிருந்தால், அதன் உடம்பில் கணிசமான அழுத்தம் மிதந்து நிற்கும். மின்சாரத்தின் அளவு மிகச் சிறியதுதான், நம்மைக் கொல்லாது. ஆனால் இரு பக்கமும் கரண்ட் இருக்கும்போது எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகினால், அந்தப் பொறி டிவியின் துளையையோ கணனியின் துளையையோ கொன்றுவிடும். உண்மையாகவே 'போர்ட் போவது' இப்படித்தான். மூன்றாவது பின்னை வெட்டிய பிளக், எர்த் இல்லாத மல்டி பிளக் இரண்டும் கடையில் இருக்கக் கூடாது. டிவியையும் கணனியையும் எர்த் உள்ள ஒரே 13 அம்பியர் இணைப்பிலிருந்து எடுங்கள். வயர் கழற்றும்போதும் மாட்டும்போதும் இரண்டையும் சுவரிலேயே அணையுங்கள். எர்த் சரியாக வேலை செய்கின்றதா என்பதை வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு மீற்றர் வைத்துப் பாருங்கள். சொக்கட்டில் மூன்று துளை இருப்பது அதற்குச் சாட்சியல்ல.

அடுத்தது இடி மின்னல். நமது நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி அதிகம். டிவியுடன் கூரை டிஷ் அன்டெனாவும் தொடுக்கப்பட்டிருந்தால், மின்னல் அந்த வயரால் இறங்கி, டிவிக்குள்ளால் எச்.டி.எம்.ஐ.யில் ஏறி, கணனிக்கும் வந்துவிடலாம். பிளக்கைக் கழற்றியவர் தப்பித்தோம் என்று நினைப்பார், அன்டெனா வயர் அப்படியே இருக்கும். கடை கணக்கு முழுவதும் அந்தக் கணனியில் இருக்கின்றது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். இடி கேட்க முன்னரே, வானம் கறுக்கும்போதே, பிளக்குகள், அன்டெனா வயர், எச்.டி.எம்.ஐ. மூன்றையும் கழற்றிவிடுங்கள். கணக்கின் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, வொரண்டி அட்டை. வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கும். கடையில் தினமும் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடும் டிவிக்கு அது செல்லாது என்று பிறகு சொல்வார்கள். கடைக்கு என்று சொல்லியே வாங்குங்கள், பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள். வயரே வேண்டாம், காற்றில் அனுப்பலாம் என்பவர்களுக்கு: விண்டோஸ் பொத்தானுடன் 'கே' அழுத்தினால் சில டிவிகளுக்கு அனுப்பலாம்தான். ஆனால் கூட்ட நேரத்தில் அறுந்து அறுந்து வரும். பெருநாள் வியாபாரத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

எங்கள் கடைத் தம்பியின் விடயம். மருமகன் படத்தை வரவைத்த நேரம் அவர் இப்தாருக்கு வீட்டுக்குப் போயிருந்தார், இரவு திரும்பி வரவில்லை. மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய வாப்பாவும் நின்றார். துணியில் பிழையில்லை, என்னில்தான் பிழை என்று இருவரிடமும் சொன்னேன். கடையில் வைத்து ஏசியதால் கடையில் வைத்தே சொல்ல வேண்டும் என்று நினைத்து, அன்று காலை கவுண்டரில் எல்லோரும் நிற்கும்போது இன்னொரு தடவையும் சொன்னேன். பெருநாள் காசு முழுதாகக் கொடுத்தோம்.

இப்போது கவுண்டரின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கின்றது. டிவியின் துளை: எச்.டி.எம்.ஐ. 2. அளவு: 1920 × 1080. வேகம்: 60. முறை: வெவ்வேறு படம். வயர்: 15 மீற்றர், கூரைக்குள்ளால். கணனியை அழித்துப் போட்டால் இதைப் பார்க்கவும். அந்தத் தம்பியின் கையெழுத்துத்தான், என்னுடையதை யாராலும் வாசிக்க முடிவதில்லை.